ஆள் இல்லாத ஒன்பது படங்கள்

1982 ஜனவரி 19, செவ்வாய்

பன்னிரண்டு படம் எடுத்துக் கழுவக் கொடுத்திருந்தேன். ஸ்டூடியோக்காரர் இன்று மூன்றுக்குத்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். மூன்றிலும் என் மனைவி நிற்கிறாள். மற்ற ஒன்பதும் திருநள்ளாறு பக்கம் நான் எடுத்த கூட்ஸ் வண்டி.

"அதுல ஆளே இல்லைங்க. வீணாப் போனதுன்னு ஒதுக்கிட்டேன்" என்றார்.

போன தடவையும் இதையேதான் சொன்னார். அப்போது பேசாமல் வந்தது என் தப்பு.

"ஆளைப் படம் எடுக்க நீங்க இருக்கீங்க. வண்டியை எடுக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றையாவது போட்டுக் காட்டும்வரை எழுந்திருப்பதில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து இருட்டறைக்குள் கூப்பிட்டார்.

மருந்துத் தண்ணீர்த் தட்டில் கிடந்த தாளில் முதலில் இஞ்சின் தெரிந்தது. பிறகு புகை. கடைசியில் அறுத்த வயல். அவர் தாளை வெளியே எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றதில் படம் கறுத்தே போய்விட்டது.

"இந்த வண்டி ஊதுறதை இந்த ரூமுக்குள்ள இருந்தே பதினைஞ்சு வருஷமாக் கேக்குறேன். போறதைப் பாத்ததே இல்லை. எத்தனை மணிக்குங்க வரும்?"

"காலையில ஏழு. வாங்க, காட்டுறேன்."

ஒன்பதுக்கும் பிரிண்ட் போட ஒப்புக்கொண்டார். கறுத்ததை அவரே வைத்துக்கொண்டார். நாளை வருவார் என்றுதான் தோன்றுகிறது. வந்தால் வரப்பில் எனக்குப் பின்னால் நிற்கட்டும். பல்லைக் காட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றால் எடுக்க மாட்டேன்.