கல்யாணத்துக்கு ஆகாத பாட்டு

ஆவணி 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் சாயங்காலம்தான் வருமாம். மாவு அரைக்க முடியாது, உப்புமாதான்.

பின்தெருவில் ஒரு சாவு. ஜெனரேட்டர் வைத்து ரேடியோ செட் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதாக என் பாட்டு, ‘கதவத் தெறந்தே வச்சிருக்கேன்’. வெளியூர் போன அம்மாவுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. நான் பாடும்போது அதில் யாரும் சாகவில்லை. அந்த ஆல்பத்தில் மற்றதெல்லாம் குத்துப்பாட்டு, ஒன்றும் போணியாகவில்லை. இது மட்டும் இருபது வருஷமாக ஊரில் எந்தப் பிணம் போனாலும் கூடவே போகிறது. அதனால் கல்யாணக் கச்சேரிக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே சொன்னதும் இல்லை. “அடுத்த முகூர்த்தத்துக்குப் பாப்போம்க்கா.” நல்ல மனுஷர்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து மகள் காயத்ரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளும் பையனும் ஒரே ஆபீஸ், அவர்களுக்குள் பேசி முடித்தாயிற்று. பையனின் அம்மா சரி என்றால் சரி. பல்லி சத்தம் கேட்டால் புறப்பட மாட்டாராம்.

ஆவணி 5, புதன்

வெயில். கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்தது.

காயத்ரி சுற்றி வளைத்துச் சொன்னாள்.

“அம்மா, ஞாயித்துக்கிழமை நீ ரொம்பப் பேச வேணாம்.”

“ஏன்டி?”

“குரல் தெரிஞ்சிரும்.”

பையனுக்கு விஷயம் தெரியுமாம். அவன் அம்மாவிடம் மட்டும் ‘பாட்டு டீச்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறான். முழுப்பொய் இல்லை, இரண்டு பிள்ளைகள் வருகின்றன.

சி.டி. அட்டையில் ஒரு கதவைத்தான் போட்டார்கள். அதனால் என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். காயத்ரி சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் வலித்தது. பெற்ற பிள்ளை.

வாங்க: ரவை. முந்திரி. மல்லிகை. ஏலக்காய். தொண்டைக்கட்டு (பொய்).

ஆவணி 8, சனி

சோபா உறை மாற்றினேன். இவர் கீபோர்டை மூட்டை கட்டி மச்சில் போட்டுவிட்டார். கணவர், கீபோர்டு வாசிப்பவர், இன்று கீபோர்டை ஒளிப்பவர்.

“நீ தலைய மட்டும் ஆட்டு. பேச்செல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

அதுதான் பயமாக இருக்கிறது.

ஆவணி 9, ஞாயிறு

மழை வருவதுபோல இருந்தது, வரவில்லை. ஒரே காரில் ஆறு பேர். இவர் எனக்கும் சேர்த்துப் பேசினார், தேவைக்கு மேலேயே. நான் சிரித்துக்கொண்டு, கழுத்தில் மப்ளர்.

பையனின் அம்மா பெயர் சரோஜா. கேசரி இரண்டு முறை. காயத்ரியைப் பிடித்துவிட்டது, கையை விடவே இல்லை. சரி, தப்பித்தோம் என்று காப்பி போட எழுந்தேன். பின்னாலேயே அடுப்படிக்கு வந்துவிட்டார். பேசிக்கொண்டே பால் சட்டியில் கை வைக்கப் போனார்.

“ஐயோ, சுட்டுரும்.”

சொல்லிவிட்டேன். அந்தம்மா அப்படியே நின்றார்.

“நீங்கதானா அது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன். காயத்ரி அடுப்படி வாசலில் முகம் வெளுத்து நிற்கிறாள்.

“எங்க அம்மாவத் தூக்குறப்ப அந்தப் பாட்டுதான் ஓடுச்சு. அதுவரைக்கும் எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரல. ஊரே ஒரு மாதிரியாப் பாத்துச்சு. பாட்டு வந்த பெறகுதான் அழுதேன்.”

அடுப்பை நிறுத்தினார். அவராகவே.

“கல்யாணத்துல பாடிராதீக.”

“மாட்டேன்.”

“எனக்கு ஒன்னு ஆச்சுன்னா நேர்ல வந்து படிக்கணும். செட்டுல போட்டு விட்டுறக் கூடாது. சம்பந்திக்கு இம்புட்டாவது செய்ய மாட்டீகளா?”

சம்பந்தி என்றுதான் சொன்னார். காயத்ரி அழுதாள்.

நேரில் வந்து பாடச் சொல்லி எத்தனையோ சாவு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கும் போனதில்லை. நான் பாடகி, ஒப்பாரிக்காரி இல்லை என்று வீம்பு.

வாரேன் என்றேன்.

ஆவணி 10, திங்கள்

மேகமூட்டம். தை மாதம் கல்யாணம், மண்டபம் தேட வேண்டும்.

இவர் கீபோர்டை மச்சிலிருந்து இறக்கினார். பாடிப் பார்த்தேன். சரணத்தில் மேலே போகிற இடம் எட்டவில்லை. அந்தம்மா என்னைவிட இளையவர். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, தினமும் நடக்கிறாராம். இன்னும் முப்பது வருஷம் திடமாக இருப்பார். அதுவரை நான் குரலைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

இன்றிலிருந்து ஐஸ் தண்ணீர் இல்லை. விடிந்ததும் சாதகம்.