நாலு மணி அழைப்பு

மலாக்கா, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, தாரணி எழுதுவது. முட்டிவலி தேவலையா? பீடோங் கிளினிக்குக்குப் போனீர்களா? நான் சுகம்தான், அசதி மட்டும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வழக்கமாக வரும் உங்கள் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு மீட்டிங் என்று சொன்னேன். அது பொய். வீராசாமி அங்கிளுக்கு அவருடைய சின்ன விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுத்தபடி சுங்கை ஊடாங் ஊருக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். திடீரென்று விமானத்தில் கரண்ட் போய் ரேடியோவும் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், எஞ்சினுக்கு அந்தக் கரண்ட் வேண்டியதில்லை.

“எறங்க முடியுமா லா?” என்றார் அங்கிள்.

“முடியும் அங்கிள், கைய மட்டும் எடுங்க” என்றேன்.

கைப்பேசியில் விமான நிலையக் கோபுரத்தோடு பேசும்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். எடுக்கும்வரை விடமாட்டீர்களே, மூன்று தடவையும் கட் பண்ணினேன். இறங்கலாம் என்று கோபுரத்தில் பச்சை விளக்கு காட்டினார்கள், பத்திரமாக இறங்கிவிட்டோம்.

மீட்டிங் என்று நான் சொன்னதும், “வேல நேரத்துல இனிமே தொந்தரவு பண்ணலம்மா” என்றீர்கள். மூன்று நாளாக நீங்கள் கூப்பிடவே இல்லை.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். என் பழைய போர்வையும் வேண்டும். விமான வகுப்புக்கு நேரமாகிறது, அங்கிள் வாசலில் காரில் ஹாரன் அடிக்கிறார்.

அன்றைக்கு அந்த விமானத்தில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. என் கைப்பேசியில் ‘அம்மா’ என்ற பெயர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாலு மணிக்குக் கூப்பிடுங்கள்.

தாரணி