கடைசிக் காட்சியில் மழை

செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி

அன்புள்ள மழைக்காரருக்கு,

நலம். மகளும் நலம். நீங்களும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் முட்டிக்கொள்கிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நம் படம் கிடைத்துவிட்டது.

ஆமாம், அதேதான். அலமாரிக் கதவின் உள்பக்கம் நீங்கள் ஒட்டிவைத்த பட்டியலில் முதல் வரி. 'டிஸ்க்கில் வரவேண்டியவை' என்று தலைப்புப் போட்டு நாற்பத்தொரு படங்களை எழுதினீர்களே, எந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாலும் பிரிண்டே இல்லை என்று கையை விரித்தார்களே, அந்தப் படம். காலமான ஒரு விநியோகஸ்தரின் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, வேறொரு படத்தின் பெயர் எழுதிய ஏழு டப்பாக்களில் இருந்திருக்கிறது. பழைய படங்களைத் தேடிப் பிடித்து டிஸ்க் போடுகிற எங்கள் முதலாளியம்மா முதல் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி குப்பென்று அடித்தது. ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் அப்படித்தான். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஓரமாகப் போய் அழுதேன். நெடிதான் காரணம் என்று சமாளித்தேன்.

ஸ்கேன் செய்தபின் கணினியில் கீறல் துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படம், ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். காலையில் கதாநாயகி கண்ணைத் திறக்க ஆரம்பிப்பாள். நான் சாப்பிட எழுந்திருக்கும்போது பாதிதான் திறந்திருப்பாள். இரண்டு மாதமாக அவளோடுதான் குடித்தனம். வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவில் போகிறவர்கள்கூடத் தண்ணீருக்கடியில் நடப்பது போல மெதுவாகப் போகிறார்கள்.

கடைசிக் காட்சிக்கு மட்டும் பதினொரு நாள் ஆனது. அவள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள், பேருந்து வருகிறது, ஏறாமல் விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் படம் முழுக்க மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன். கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது.

இப்போது சொல்லட்டுமா? மழை இல்லை! கல்லூரித் திரைப்படச் சங்கத்தில், முன்பின் தெரியாமல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோமே, முடிந்ததும் கடைசியில் மழை பெய்தது என்று நீங்கள் சாதித்தீர்களே. அது பிரிண்டில் இருந்த கீறல் என்று நான் சொன்னேனே. கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, அவள் ஏழாவது வகுப்புக்கு வந்தபின்னும் அந்த வாதம் ஓயவில்லை. சாட்சியோடு சொல்கிறேன், ஒரு சொட்டு இல்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு பதில் போடுங்கள்.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மகளுக்கு வாங்கிய செருப்பு கடித்து, திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். நீங்கள் போய் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வெளியூர் வேலையை ஒப்புக்கொண்டதை நான் மறந்துவிடவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், விடுமுறைக்காவது வருவீர்களா?

இப்படிக்கு,
ஜெயித்தவள்


வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் எழுதிய கடிதம் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நேற்று படத்தையும் ஒலியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். பக்கத்து அறையில் ஒலியின் இரைச்சலை நீக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், தேநீரைக்கூடச் சத்தமில்லாமல் குடிக்கிறவர். கடைசிக் காட்சி ஓடும்போது நிறுத்தச் சொன்னார். "அக்கா, என் பக்கம் மழை பெய்யுது. உங்க பக்கம் ஏன் பெய்யல?" என்று கேட்டார். அவரும் முதலில் இரைச்சல் என்று நினைத்து எடுக்கத்தான் போனாராம். உன்னிப்பாகக் கேட்டபோது தகரத்தில் சொட்டுகிற சத்தம் தனியாகத் தெரிந்ததாம். அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

துடைக்காத பழைய ஸ்கேனை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நிறுத்தத்துக் கூரைக்கு அடியில் நிற்கும்வரை அவள் மேல் ஒன்றிரண்டு கோடுகள்தான்; கூரைக்கு வெளியேதான் அத்தனையும். கீறலுக்குக் கூரை தெரியுமா? பேருந்து வந்து நிற்கும்போது நடத்துனர் கையை வெளியே நீட்டி உள்ளங்கையைப் பார்க்கிறார். அந்தக் கையை ஒரு நாள் முழுக்கத் துடைத்திருக்கிறேன். எதற்காக நீட்டுகிறார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பேருந்து போனதும் அவள் கூரையை விட்டு வெளியே வந்து நிற்கிறாள். என் படத்தில் அவள் வெறும் பிடிவாதக்காரி. உங்கள் படத்தில் அவள் யாருக்காகவோ நனைகிறாள்.

பதினொரு நாள் உட்கார்ந்து ஒரு மழையைத் துடைத்திருக்கிறேன்.

முதலாளியம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திங்கட்கிழமை டிஸ்க் அச்சுக்குப் போக வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா யாருமே பார்க்காத படம். மழை இல்லன்னு யாரும்மா வந்து கேட்கப் போறாங்க?" என்றார். ஒருத்தர் கேட்பார் என்றேன். அவர் காலண்டரைப் புரட்டி, வெளியீட்டை ஒரு மாதம் தள்ளிவைத்தார். அடுத்த படத்தை என்னிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கட்டும்.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த வேலையைப் பற்றி முன்பே சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். சொல்லவே இல்லை என்று நான் கத்தினேன். இல்லாத மழையைப் பார்த்த ஆளுக்கு, சொல்லாததைச் சொன்னதாகத் தோன்றுவதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

நேற்று அலுவலகத்திலிருந்து வரும் வழியில் எனக்கு நினைவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு படத்தில் குதிரையின் கால்மேல் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி பக்கத்தில் வந்து நின்றீர்கள். "தூரமாத்தான் போகணும், ரெண்டு வருஷம். நீ வேணாம்னு சொன்னா போகல" என்றீர்கள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றேன். நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றீர்கள்.

சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை. கேட்காததை, நடக்கவே இல்லை என்று சாதித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தோற்றவள்


ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மழைக்காரருக்கு,

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். "மழை திரும்ப வந்துச்சா?" என்று. மன்னிப்பைப் பற்றி மூச்சே இல்லை. இருந்தும் அந்தத் தாளை நான்கு தடவை எடுத்துப் படித்தேன். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்து எழுதினீர்களா?

வந்துவிட்டது. பழைய ஸ்கேனில் கீறலும் மழையும் கலந்தே கிடந்தன. ஒவ்வொரு கோட்டையும் நீ யார் என்று கேட்டுக் கேட்டு, மழை என்றால் விட்டுவைத்தேன். முதல் நாள் முடிவில் கூரைக்கு வெளியே லேசாகத் தூறியது. பத்தாவது நாள் அவள் முன்தலை முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. முன்பும் அப்படித்தான் ஒட்டியிருந்தது; நான் வியர்வை என்று நினைத்திருந்தேன். ஒலிக்காரர் அவருடைய மழையைக் கொண்டுவந்து சேர்த்தார். முதலாளியம்மா, வெளியே காயப்போட்ட துணி ஞாபகம் வந்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நேற்று டிஸ்க் வந்தது. உங்களுக்கு ஒன்று தபாலில் அனுப்பச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நம் வீட்டில் இருப்பதன் உறையையும் பிரிக்கவில்லை. அலமாரிப் பட்டியலில் முதல் வரிக்கு நேரே டிக் போட மகள் பேனாவோடு வந்து நின்றாள். இப்போது முக்காலி இல்லாமலே அவளுக்கு எட்டுகிறது. அப்பா வந்து போடட்டும் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டாள். அதை உங்களிடமே கேட்கிறேன்.

இரண்டு வருடம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாளில் "ம்" என்றவள் நான். நான்கு நாள் லீவு போடுங்கள், போதும். நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைக்கிறேன்.

குழாயை நானே சரிசெய்துவிட்டேன். வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது.

வெளியே மழை பெய்கிறது என்று இனி நீங்கள் சொன்னால், ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டேன். குடையை எடுத்துக்கொண்டு வருவேன். பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி