தடுப்பைப் போட மறந்த கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு முனிசாவின் சலாம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? அல்மாத்தியில் இப்போதே பனி கொட்டுகிறது. நான் நலம்தான், ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

போன வாரம் ஒரு கூத்து. நட்சத்திரங்கள் பிறக்கும் முன்பு அண்டமெங்கும் பரவிக் கிடந்த வாயுவைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதானே என் வேலை? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அதை இழுக்கும். காந்தப்புலம் லேசாகத் தடுக்கும். நான் காந்தப்புலத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். வாயு முழுவதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குவிந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, நவ்ருஸ் பண்டிகைக்கு ஊருக்குப் போற கூட்டம் மாதிரி ஓடுது? தடுக்க ஆளே இல்லையா?" என்றார் குழுத் தலைவர் கைரத் அண்ணன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார் அண்ணன்.

நம் ஹிவாவிலிருந்து யாராவது வந்தால் உலர்ந்த பாதாமிப் பழமும் என் கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புங்கள். அண்ணி நம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாராமே? ஊரைவிட்டுக் கிளம்பும்போது நம் வழக்கப்படி நான் ஒரு வாய் கடித்துவிட்டு வந்த ரொட்டியைச் சுவர் ஆணியிலிருந்து இறக்க வேண்டாம். மீதியை நான் வந்துதான் தின்ன வேண்டும். பஸ் வந்துவிட்டது, அம்மா. ரொட்டியைச் சுற்றி வெள்ளையடிக்கச் சொல்லுங்கள்.

முனிசா