தம்பி அனுப்பிய கல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். நீ துறைமுகத்திலிருந்து அனுப்பிய பொட்டலம் நேற்று வந்தது. கண்ணில் விடும் சொட்டு மருந்துக் குப்பிக்குள் சிறுநீரகக் கல்லைப் போட்டு, "இதை வச்சு என்ன பண்ணுவியோ பண்ணு" என்று சீட்டும் எழுதி அனுப்புகிற ஆளை உன்னைத் தவிர நான் கண்டதில்லை. மற்றவர்களின் தம்பிகள் வாசனை சோப்பு அனுப்புகிறார்கள்.

இரண்டு நாள் இஞ்சின் அறைத் தரையில் சுருண்டு கிடந்தாய் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இது நான்கு வருடத்தில் மூன்றாவது கல்லாமே. முதல் இரண்டைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது கேட்கப் போவதில்லை. பிறகு கேட்பேன்.

துறைமுக டாக்டர் "சாதாரண சுண்ணாம்புக் கல்தான், கீரையும் தக்காளியும் வேண்டாம்" என்றாராம். ஆனால் தம்பி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த மாதிரிக் கற்கள் பெரும்பாலும் பழுப்பாக, முள் முள்ளாக இருக்கும். உன்னுடையது மெழுகு போல மஞ்சளாக மினுங்குகிறது. ஓரத்தில் பொடிப்பொடியாகச் சில தகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம், கத்தரிக்கோலால் வெட்டி வைத்த மாதிரி. கொண்டுபோன சாப்பாட்டை நான் தொடக்கூட இல்லை.

என் வேலை உனக்குத் தெரியும். யார் யாரோ கொண்டுவரும் படிகங்களை எக்ஸ்ரே கருவியில் வைத்து, அவற்றின் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடித்துக் கொடுப்பது. பதினொரு வருடமாக ஊரார் படிகம்தான் பார்த்திருக்கிறேன். பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மத்தியானம் மெஷின் சும்மாதானேம்மா கிடக்கு, போட்டுப் பாருங்க. ஆனா எனக்கும் காட்டணும்" என்றார். நாளை போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, யாரையாவது கூப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

கப்பல் அலுவலகம் வழியாக அனுப்பிய செய்தி உனக்குக் கிடைத்திருக்கும். நிறையத் தண்ணீர் குடி, அடுத்த துறைமுகத்தில் சிறுநீரக மருத்துவரைப் பார், இரண்டே வரி. காரணத்தைச் செய்தியில் எழுத முடியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, வைக்கிறேன்" என்பாய். அதனால் கடிதம். உட்கார்ந்து படி.

ஒரு தகட்டைக் கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டிக் கருவியில் வைத்தேன். எக்ஸ்ரே படிகத்துக்குள் புகுந்து சிதறி, திரையில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகள் அணுக்களின் படம் இல்லை. எல்லாம் தலைகீழ்க் கணக்கு. சின்ன வயதில் குடைத்துணி வழியாகத் தெருவிளக்கைப் பார்ப்போமே, வெளிச்சம் நாலு பக்கமும் புள்ளியாகச் சிதறும். நூல் எவ்வளவு நெருக்கமோ, புள்ளிகள் அவ்வளவு தள்ளி விழும். படிகத்திலும் அப்படித்தான். திரையில் புள்ளிகள் விலகியிருந்தால் உள்ளே அடுக்குகள் நெருக்கம். புள்ளிகள் நெருங்கியிருந்தால் உள்ளே இடைவெளி அதிகம். இந்தத் தலைகீழ்ப் புள்ளி வரிசையை வைத்துத்தான் நாங்கள் உள்ளே இருப்பதைக் கணக்கிடுகிறோம்.

உன் கல்லில் இரண்டு திசையில் புள்ளிகள் தாராளமாக விலகி நின்றன. மூன்றாவது திசையில் மட்டும் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இரண்டு படிகம் ஒட்டியிருக்குமோ என்று வேறு தகட்டை எடுத்துப் போட்டேன். அதே நெரிசல். உள்ளே ஒரு பக்கம் மற்றதைவிடப் பத்து மடங்கு நீளம் என்று கணக்கு வந்தது. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இதுவரை அளந்து வைத்த படிகங்களின் பட்டியலில் தேடினோம். கச்சிதமாகப் பொருந்தியது ஒன்றே ஒன்று, சிஸ்டின்.

அது சுண்ணாம்பு இல்லை தம்பி. எல்லார் உடம்பிலும் இருக்கிற பொருள்தான். மற்றவர்களின் சிறுநீரகம் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே அது முடியாது, தங்கிக் கல்லாகிவிடும். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வர வேண்டுமாம். நான் டாக்டர் இல்லை, நீ சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள். நானும் செய்துகொண்டேன். எனக்கு இல்லை.

பிறவி என்று படித்த உடனே எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. உனக்கும் இப்போது வந்திருக்கும்.

இருபது வயதில் சிறுநீரகக் கல்லால் அவன் இறந்துபோனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டாரே, "பையனுக்குச் சாக்பீஸ் திங்கிற பழக்கம் உண்டா?" என்று. பள்ளியிலிருந்து சட்டைப்பையில் ஒளித்துவந்து அவனுக்குக் கொடுத்தது நீ என்று நம் எல்லாருக்கும் தெரியும். அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மூன்று வருடத்தில் நீ கப்பலேறிவிட்டாய். லீவு கிடைத்தாலும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறாய். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் அவளே, "என்னடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தி சுத்தி வர்ற?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள். தையல் மெஷினின் கடைசி இழுப்பறையைத் திறந்து ஊசி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பஞ்சுக்குள் ஒரு மஞ்சள் கல். அண்ணனுக்கு முதல் ஆபரேஷனில் எடுத்தது. இத்தனை வருடம் வைத்திருக்கிறாள், எனக்கே தெரியாது. "இதையும் போட்டுப் பாரு" என்றாள்.

போட்டேன். படிகத்தை இழையில் நிறுத்தவே அரைமணி ஆனது. பிறகு புள்ளிகள் வந்தன. இரண்டு திசையில் விலகி, ஒரு திசையில் நெருங்கி. அவன் கல்லும் உன் கல்லும் ஒன்று. சாக்பீஸில் இருப்பது சுண்ணாம்பு வகை. அதில் ஒரு துளிகூட இந்தக் கல்லில் இல்லை. இதைப் பேராசிரியரும் பார்த்துச் சரி என்றார். அக்கா உன் மனசுக்காகச் சொல்கிறாள் என்று நினைக்காதே. இரண்டு படத்தையும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீயே ஸ்கேல் வைத்து அளந்து பார்.

அம்மாவுக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்ப பாதி நான், பாதி உங்கப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எல்லாத்துலயும் எங்கூட மல்லுக்கு நின்ன மனுஷன், இதுல மட்டும் ஒத்துப்போயிருக்காரு பாரு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "உங்கப்பா இருந்து இதைக் கேட்டிருக்கணும்டி. சின்னவன்கிட்ட அவரே சொல்லியிருப்பாரு" என்றாள். சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம்.

மருத்துவரிடம் இந்தக் கடிதத்தையும் படங்களையும் காட்டு. கல் கரைய மாத்திரை இருக்கிறதாம், உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். இஞ்சின் அறைச் சூட்டில் உடம்பு வற்றினால் கல் சீக்கிரம் சேரும், வேலையை மாற்றிக் கேள். அண்ணனுக்குத் தெரியாமல் போனது உனக்குத் தெரிந்துவிட்டது. அதை வீணாக்காதே.

அம்மா உனக்குத் தனியாக எதுவும் எழுத மாட்டேன் என்கிறாள். "எழுதி என்ன பண்ண? அவன் தண்ணி குடிக்கிறதை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்கிறாள். உன் அடுத்த லீவு எந்த மாதம் என்று என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

நன்றாக இரு, தம்பி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே.

உன் அக்கா