அந்த ஆட்டத்தன்று நான் இருந்த இடம்

அன்பு மகன் எலாடியோவுக்கு,

உன் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். சான் ஹோசே குளிர்தான் மரியாதை தெரியாமல் எலும்புவரை வருகிறது.

தேசிய ஸ்டேடியத்தின் வரலாற்றுக் கூடத்தில் வேலை உறுதியாகிவிட்டது. அதற்கு முன், "வர்றவங்களைத் திருத்தாதீங்க, டோன்யா எர்மிலா. இன்னொரு புகார் வந்தா ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மேலாளர் எச்சரித்திருந்தார்.

நேற்று என் வயதுக்காரர் ஒருவர், இடித்துவிட்ட பழைய ஸ்டேடியத்தின் படத்துக்கு முன் நின்று, நம் நாட்டு அணி மெக்சிகோவை வென்ற ஆட்டத்தை நேரில் பார்த்ததாக அளந்தார். இங்கே அந்த வயதில் பார்க்காதவரே கிடையாது.

"நிழல் பக்கத்து டிக்கெட்! வெயில் மண்டையைப் பிளந்துச்சு. பேப்பரைத் தொப்பியா மடிச்சு வச்சுக்கிட்டேன்."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளால் பொறுக்க முடியுமா? "நிழல் பக்கத்துல எதுக்குங்க தொப்பி?" என்றேன்.

மேலாளர் முகம் சுண்டியது. தொப்பிக்காரரின் மனைவியோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்பது வருஷமா கேக்குறேன், எனக்குத் தோணலையே! சரி, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பிரசவ வலியில. கோல் விழுந்ததும் மருத்துவச்சி ரேடியோகிட்ட ஓடிட்டா. என் மகன் தானாவே பிறந்தான்."

கூடமே கைதட்டியது. "இனிமே எல்லாக் கூட்டத்துக்கும் இதைச் சொல்லிடுங்க" என்றார் மேலாளர்.

நம் ஊர் லிபேரியாவின் மொறுமொறு சோள வளையம் ஒரு பொட்டலமும் அப்பாவின் கம்பளிச் சட்டையும் அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் தவறில்லை. என் அறையில் நாற்காலி இரண்டு இருக்கிறது.

அடுத்த கூட்டம் வந்துவிட்டது. நீ பிறக்கும் நேரம்.

முத்தங்களுடன்,
அம்மா