நாமினி கட்டத்தில் உன் பெயர்

கிரிம்ஸ்பி
3 ஜூன் 2025

அன்புள்ள ஜெம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படி இறங்கும்போது முனகுகிறது. நீ சுகமா, மாப்பிள்ளை ஹாமிஷ் சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை கண்ணு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தானே பதினோரு நாளாக விடாமல் தினமும் காலை எட்டு மணிக்கு உனக்குப் போன் செய்கிறேன். அங்கே மழையா, பூனை சாப்பிட்டதா, காரின் பிரேக்கைக் காட்டினீர்களா என்று நான் கேட்டதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. ஏழாவது நாள் நீ பயந்துபோய், "அம்மா, உனக்கு ஞாபகம் ஏதாவது தடுமாறுதா? நேத்தும் இதையேதான கேட்ட?" என்றாய். தடுமாறவில்லை. ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, நீ "ஹலோ" என்றதும் பூனையைத்தான் விசாரிக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர்ச் சங்கதி. ஆகஸ்டோடு ஃபேக்டரி வேலை முடிகிறது, முப்பத்தொரு வருஷம் மீனைப் பெட்டியில் அடுக்கிய கைக்கு இனி ஓய்வு. கேக் வெட்டுவார்களாம், மேலே மீன் படம் மட்டும் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் பென்ஷன் பணம் எல்லாம் ஃபேக்டரி சேர்த்துவிட்ட அந்தப் பழைய பென்ஷன் கம்பெனியிலேயே கிடந்தது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ட்ரெவர் நாலு வருஷமாக என் காதைத் தின்றுகொண்டிருந்தார். அவர் இழுவைப் படகில் இன்ஜின் பார்த்தவர், இப்போது தன் பென்ஷன் பணத்தைத் தானே முதலீடு செய்கிற கணக்கு ஒன்றில் வைத்துக்கொண்டு பேங்க் மேனேஜர் மாதிரி பேசுகிறார். "பெவ், அவன் வருஷா வருஷம் உன் பணத்துல கட்டணம்னு ஒரு கை அள்ளிக்கிறான், நீ அவனுக்குக் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பாத குறைதான்" என்பார். கணக்குப் போட்டும் காட்டினார், புதுக் கணக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டணம். எனக்கு அது புரியாமல் இல்லை ஜெம்மா. புரிந்துகொண்டேதான் நாலு வருஷம் அசையாமல் இருந்தேன். மூன்று தடவை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு மூடி வைத்தேன். ட்ரெவர் என்னைக் கம்ப்யூட்டருக்குப் பயந்தவள் என்று நினைத்தார், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும், பாதி தெரியும். கிறிஸ்துமஸுக்கு உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து நீ வந்திருந்தபோது சமையலறை மேசையில் என் தாள்களை அடுக்கித் தந்தாயே, அதில் பென்ஷன் கம்பெனி அனுப்பிய வருஷாந்திரத் தாளை நீ பார்த்ததை நான் பார்த்தேன். நான் இறந்தால் பணம் யாருக்கு என்ற இடத்தில், நாமினி, டேரன், மகன், நூறு சதவீதம். நீ அதை மடித்து வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாய். ஐந்து நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் ஸ்டேஷனில், ரயில் வந்து நின்ற பிறகு, "அம்மா, அண்ணன் போய்ப் பதினேழு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல என் பேரை எழுதணும்னு ஒரு தடவைகூட உனக்குத் தோணலையா?" என்று கேட்டாய். பணத்துக்காகக் கேட்கவில்லை என்று உன் முகத்திலேயே தெரிந்தது. நீ ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாய், நான் கையசைக்காமல் திரும்பி நடந்துவிட்டேன். அன்றைக்கு நீ என்ன நினைத்திருப்பாய் என்பது ஆறு மாதமாக என்னை அறுக்கிறது.

இப்போது சொல்கிறேன் கேள். 2007, ஜூன் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. டீ நேரத்தில் கேன்டீனுக்கு ஆபீஸ் பெண் ஒருத்தி படிவக் கட்டோடு வந்து, "எல்லாரும் இன்னைக்கே எழுதிக் குடுத்துடுங்க, வாங்கிட்டுப் போகணும்" என்று அவசரப்படுத்தினாள். அதில் பெயர் எழுத இரண்டு வரி இருந்தது. மூத்தவன் என்று முதல் வரியில் டேரன் பெயரை எழுதினேன். இரண்டாவது வரியில் உன் பெயரை எழுதப் பேனாவை வைக்கிறேன், வேலைக்குத் திரும்பச் சொல்லி சங்கு ஊதிவிட்டது. அவள் தாளை உருவிக்கொண்டு போய்விட்டாள். சரி, திங்கட்கிழமை ஆபீசில் போய்ச் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன், திங்கட்கிழமை மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிங்கன் ரோட்டில் அவன் மோட்டார் பைக். மேலே எழுத வேண்டாம், நீதானே அன்றைக்குக் கதவைத் திறந்தாய், போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எழுதின நாலாம் நாள், ஜெம்மா. நான் சாவதைப் பற்றிய தாளில் என் கையாலே என் பிள்ளை பெயரை எழுதினேன், நாலாம் நாள் அவன் இல்லை. நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் கோபப்படுவாய். ஆனால் நான் எந்த வீட்டில் வளர்ந்தவள் என்று யோசித்துப் பார். என் அப்பா படகேறுகிற நாளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொடியிலும் துணி காயாது. துவைத்தால் கடலுக்குப் போனவனையும் சேர்த்துத் துவைத்து அனுப்பியதாகிவிடும் என்பார்கள். துறைமுகத்துக்குப் போய் வழியனுப்ப மாட்டார்கள், கையசைக்க மாட்டார்கள். கையசைத்தால் அவன் திரும்ப மாட்டான். நான் இதையெல்லாம் கேலி செய்து வளர்ந்தவள். டேரனைக் கடலுக்கு அனுப்பவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன், அதில் ஜெயித்தும் விட்டேன், அவன் ஒரு நாள்கூடப் படகில் கால் வைக்கவில்லை. ரோட்டில் போனான். அதற்குப் பிறகு உன் பெயரை அந்த இரண்டாவது வரியில் எழுத என் கை வரவில்லை. மறந்ததில்லை கண்ணு, சத்தியமாக மறந்ததில்லை. உன்னை அந்தத் தாளில் ஏற்றாமல் இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. ஸ்டேஷனில் கையசைக்காததும் அதனால்தான். நீ போகிற ஒவ்வொரு தடவையும் என் கையைக் கோட்டுப் பைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு ஏப்ரலும் அந்தத் தாள் வரும். அவன் பெயரை வேறு யாரும் எனக்கு எழுதுவதில்லையே, அந்தக் கம்பெனி ஒன்றுதான் எழுதியது. பதினெட்டுத் தாள், எல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒரு தடவை அங்கிருந்து ஒரு பையன் போன் செய்து, "மிஸ்டர் டேரனோட இப்போதைய விலாசம் என்னங்க மேடம்?" என்று கேட்டான். இறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான், "என்கூடத்தான் இருக்கான், அதே விலாசம்தான்" என்றேன். சொல்லிவிட்டு மாடியில் அவன் அறையை எட்டிப் பார்த்தேன். பணத்தை மாற்றினால் அந்தத் தாள் நின்றுபோகும், இதுதான் என் நாலு வருஷக் கம்ப்யூட்டர் பயம்.

ஐம்பது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்களே, கடைசியில் மே மாதம் அவர்களோடு பேசினேன். பொறுமையான ஒரு அம்மா. நாமினி யார் என்று கேட்டாள், சொன்னேன். அவருக்கு என்ன வயது என்றாள், இருபது என்றேன். எந்த வருஷம் பிறந்தார் என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "இதை இப்படியே விட்டீங்கன்னா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க பொண்ணுதான் அண்ணனோட இறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கிட்டு உலகத்தோட அந்தக் கோடியில இருந்து அலையணும், அது பரவாயில்லையா உங்களுக்கு?" அந்தக் கேள்விதான் என்னை எழுப்பியது. என்னைப் புதைத்த கையோடு நீ டேரனையும் இன்னொரு தடவை புதைக்க வேண்டுமா?

மே இருபத்துமூன்று, அதுவும் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பணத்தை எதில் போடுவது என்பதை ட்ரெவர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார், பாதியை உலகம் முழுக்கப் பரவிய பங்குகளில், மீதியை ஏறி இறங்காத இடத்தில். "கேக் வேகும்போது அடுப்பைத் திறந்து திறந்து பாத்தா அமுங்கிடும் பெவ், மாசத்துக்கு ஒரு தடவை பாத்தாப் போதும்" என்றார். அதெல்லாம் சுலபமாகவே முடிந்தது. அப்புறம் நாமினி கட்டம் வந்தது. கீழே "பிறகு செய்கிறேன்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, முன்பு மூன்று தடவையும் நான் அதில்தான் தப்பித்தேன். இந்தத் தடவை டேரன் பெயரை எழுதிப் பக்கத்தில் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன், பணம் வேண்டாம், பெயர் மட்டும் இருக்கட்டும் என்று. பூஜ்யம் செல்லாது என்று சிவப்பில் வந்தது. ஒன்று போட்டேன், அதை ஏற்றுக்கொண்டது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக நானே அழித்தேன். அங்கே உன் பெயரை எழுதினேன். ஜெம்மா, மகள், நூறு சதவீதம். அழுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாலாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, உனக்கு மூன்று தடவை போன் செய்தேனே, மூன்றாவதில் நீ, "அம்மா, நான் குளிச்சிட்டிருந்தேன், வீடு தீப்பிடிச்சிடுச்சா என்ன?" என்று கத்தினாய். அந்தக் கத்தலைப் போல இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை. இந்தப் பதினோரு நாளும் நான் துணி துவைக்கவில்லை. சிரிக்காதே. உள்ளாடையை மட்டும் கடையில் புதிதாக வாங்கிக்கொண்டேன், மேலுக்கு டேரனின் நீலக் கம்பளிச் சட்டையில் இருக்கிறேன், கை நீளம். ட்ரெவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன பெவ், தண்ணி பில்லை மிச்சம் பிடிச்சு அதையும் பென்ஷன்ல போடுறியா?" என்று கிண்டல் செய்தார். நேற்று மறுபடி வந்தார், வெறும் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கிண்டல் செய்யவில்லை. "யாரு கடலுக்குப் போயிருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஜெம்மா என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனவர் ஒரு தட்டில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். வேண்டுமென்றேதான் தபாலில் போடுகிறேன், அதற்குள் பன்னிரண்டாம் தேதி, டேரன் போன நாள், தாண்டிவிடும். அதற்கு முன்னால் இதை நீ படித்துவிட்டு என்னைப் போலப் பயப்படக் கூடாது. பழைய கம்பெனியிலிருந்து கணக்கு மூடியாயிற்று என்று கடைசியாக ஒரு தாள் வந்தது, தொகை பூஜ்யம், நாமினி டேரன். அவர்கள் கம்ப்யூட்டர் பூஜ்யத்துக்கும் அவன் பெயரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதையும் டின்னில் போட்டுவிட்டேன். என் காலத்துக்குப் பிறகு அந்த டின்னும் உனக்குத்தான், அதற்குப் படிவம் ஒன்றும் தேவையில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. காரின் பிரேக்கை உண்மையாகவே காட்டு, அது சாக்கு இல்லை. இதைப் படித்து முடித்ததும், எந்த நேரமாக இருந்தாலும் சரி, இந்தத் தடவை நீயாக ஒரு போன் செய். கோபமாக இருந்தால் திட்டு, குரல் கேட்டால் போதும். மெஷினில் துணியெல்லாம் போட்டு, சோப்பும் ஊற்றி, கதவை மூடி வைத்திருக்கிறேன். நீ பேசின பிறகுதான் பொத்தானை அழுத்துவேன்.

கையசைக்காத உன் அம்மா,
பெவர்லி